வரத்துக்காலும் தீர்மானப் பதிவேடும்

கடந்த மே தினத்தன்று எங்கள் ஊராட்சியின் கிராம சபை, சமுதாயக் கூடத்துக்கு வெளியே நிற்கும் வேப்பமரத்தடியில் காலை 11 மணிக்குக் கூடியது. ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் ஜனவரியிலேயே முடிந்துவிட்டதால் தலைவர் இருக்கையில் யாரும் இல்லை. ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்திருந்த பற்றாளர் கூட்டப் பொருள்களை ஒவ்வொன்றாகப் படிக்க, ஊராட்சிச் செயலர் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் மக்கள்தொகைக்கு 100 பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். அந்த எண்ணிக்கை நிறைவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. குடிநீர், தூய்மைப் பணி, தெருவிளக்கு என்று வரிசையாக எல்லாம் முடிந்து ‘இதர பொருள்கள்’ வந்தபோது நான் எழுந்து, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் தூர்வாரித் தர வேண்டும் என்ற கோரிக்கையைத் தீர்மானமாகப் பதியுமாறு கேட்டேன். பதிந்தார்கள். நான் ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பிய பிறகு அதே தீர்மானம் அதே பதிவேட்டில் ஏறுவது இது 5 ஆவது முறை.

இந்த ஆண்டுகளில் எங்கள் ஊருக்கு எதுவும் வரவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். இரண்டு தெருக்களுக்குப் பேவர் பிளாக் வந்தது, புதிய மேல்நிலைத் தொட்டி வந்தது, பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை வந்தது, வீடுகளுக்குக் குழாய் இணைப்பு வந்தது. இவற்றில் ஒன்றையும் நான் வேண்டாத செலவு என்று கருதவில்லை. ஆனால் இவை ஒவ்வொன்றும், இன்ன வேலைக்குத்தான் இந்தப் பணம் என்று முன்னரே தீர்மானிக்கப்பட்ட ஒரு கணக்குத் தலைப்பின் கீழ் வந்தவை. எங்கள் ஊரைப் பார்த்து, உங்களுக்கு முதலில் எது வேண்டும் என்று யாரும் கேட்டு வந்தவை அல்ல. ஐந்து குக்கிராமங்களிலும் வீடு வீடாகப் போய்க் கேட்டால், நிலம் உள்ளவரும் கூலிக்குப் போகிறவரும் ஆடு வளர்ப்பவரும் ஒரே குரலில் சொல்லக்கூடியது கண்மாயில் தண்ணீர் நிற்க வேண்டும் என்பதைத்தான். அந்த ஒன்றுக்கு மட்டும் தலைப்பு கிடைக்கவில்லை.

மாநில அரசின் முன்னுரிமைகள் என்றால் நாம் பட்ஜெட் உரையைத்தான் நினைக்கிறோம். நான் புள்ளியியல் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன். பயிர் அறுவடைப் பரிசோதனைக்கும் மழைக்கணக்குக்கும் ஊர் ஊராகப் போனவன் என்ற முறையில், முன்னுரிமையை வேறொரு இடத்தில் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பணத்தை எந்த அலகில் வைத்துப் பங்கிடுகிறார்கள், அந்தப் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்ற வரிசையை எந்த மட்டத்தில் எழுதுகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், எந்த ஆட்சியாக இருந்தாலும் எந்த ஊருக்கு எது முதலில் போகும் என்பதை உரையைப் படிக்காமலேயே சொல்லிவிடலாம்.

அலகைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதன் விளைவை எங்கள் ஊரிலேயே கண்டிருக்கிறேன். 2006-07 இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், மாநிலத்தின் ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் சுழற்சி முறையில் 20 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. எல்லா ஊராட்சிக்கும் சமம் என்பது கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் ஊராட்சி என்பது நாம் நினைப்பது போல ஒரு ஊர் அல்ல. 12,500 சொச்சம் ஊராட்சிகளுக்குள் 79,394 குக்கிராமங்கள் இருப்பதாக அரசின் கணக்கே சொல்கிறது. ஒரே குடியிருப்பைக் கொண்ட ஊராட்சியும் உண்டு. மலைப்பகுதியில் பத்துக் கணக்கான குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும் ஊராட்சியும் உண்டு. இரண்டுக்கும் 20 லட்சம் என்றால், இரண்டாவது ஊராட்சியில் அந்தப் பணம் பெரிய ஊரின் நடுத்தெருவிலேயே தீர்ந்துபோகும். 2011 இல் வந்த அரசு இதைக் கவனித்து, தாய் திட்டம் என்ற பெயரில் அலகை ஊராட்சியிலிருந்து குக்கிராமத்துக்கு மாற்றியது. குடிநீர், தெருவிளக்கு, சாலை, மயானம், மயானத்துக்குப் போகும் பாதை ஆகிய அடிப்படைத் தேவைகள் ஒவ்வொரு குக்கிராமத்திலும் நிறைவேற வேண்டும் என்று அந்தத் திட்டம் வகுத்தது. எங்கள் ஊராட்சியின் கிழக்குக் கடைசியில் இருக்கும் குடியிருப்பில், இறந்தவரை வயல் வரப்பில் சுமந்து போகும் நிலை முடிவுக்கு வந்தது அப்போதுதான். இரண்டு திட்டங்களும் எதிரெதிர்க் கட்சிகளின் ஆட்சியில் வந்தவை. முதலாவது, ஊராட்சிக்குக் கணிசமான தொகை ஒன்று உறுதியாகக் கிடைக்கும் என்ற பழக்கத்தைக் கொண்டுவந்தது; இரண்டாவது, எண்ணும் அலகைச் சரி செய்தது. கணக்குத் தாளில் ஒரு பத்தியின் தலைப்பை மாற்றியதற்கு அவ்வளவு பலன் இருந்தது.

எல்லாவற்றையும் ஊரே முடிவு செய்ய வேண்டும் என்று நான் வாதிடவில்லை. தமிழ்நாடு பெருமைப்படும் காரியங்களில் பல, சென்னையில் ஒரே இடத்தில் முடிவு செய்து மாநிலம் முழுவதும் ஒரே மாதிரி நடத்தியவை. 1956 இல் காமராசர் காலத்தில் விரிவடைந்த பள்ளி மதிய உணவும், 1982 இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டமும் அப்படிப்பட்டவை. குழந்தையின் பசி ஊருக்கு ஊர் மாறுவதில்லை. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்குவதற்கென்று 1994 இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்தபோதும் இதே நியாயம்தான் பொருந்தியது. ஒரே மருந்தைப் பல இடங்களில் பல விலைக்கு வாங்குவதை விட ஓரிடத்தில் வாங்குவது மலிவு, தரத்தைச் சோதிக்கவும் எளிது. எங்கும் ஒன்றாக இருக்கும் தேவைக்கு மேலிருந்து திட்டமிடுவது பொருத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்று கிலோமீட்டருக்கு ஒரு முறை மாறிவிடும் தேவைகளை என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி. வானம் பார்த்த பூமியில் தண்ணீர் அப்படிப்பட்ட தேவை.

எங்கள் கண்மாயின் நிலையைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் இது விளங்கும். தெற்கு மாவட்டங்களில் கண்மாய்கள் தனித்தனியாக இருப்பதில்லை. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிந்தால், அந்த உபரி நீர் கால்வாய் வழியே கீழ்க் கண்மாய்க்கு வரும். அது நிறைந்தால் அதற்கும் கீழே போகும். இதில் 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள கண்மாய் நீர்வளத்துறையின் பொறுப்பு; அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. எங்களுக்கு மேலே இருப்பது பெரிய கண்மாய், துறைக்குச் சொந்தம். எங்களுடையது ஒன்றியக் கண்மாய். நடுவில் ஓடும் வரத்துக்கால் பக்கத்து ஊராட்சியின் எல்லைக்குள் பாதிக்கு மேல் கிடக்கிறது. அங்குள்ளவர்களுக்கு அந்தக் காலால் எந்தப் பாசனமும் இல்லை, எனவே அவர்களுடைய பட்டியலில் அது இடம்பெறக் காரணமும் இல்லை. எங்கள் ஊராட்சிப் பணத்தை அடுத்த ஊராட்சியின் எல்லையில் செலவிட முடியாது. துறையோ கலுங்கு வரைதான் தன் வேலை என்கிறது. ஊராரே சேர்ந்து கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்தை 2017 இல் அரசு மீண்டும் தொடங்கி, ஆயக்கட்டுதாரர்கள் 10 சதவீதம் பங்களித்தால் மீதியைத் தான் தருவதாகச் சொன்னது மிக நல்ல முயற்சி. அந்த முயற்சி எங்கள் பக்கம் வந்தபோது கரை உயர்ந்தது, மடை புதிதானது. மதிப்பீட்டில் வரத்துக்கால் சேரவில்லை. தண்ணீர் வரும் வழி அடைத்திருக்கும்போது, உயர்ந்த கரைக்குள் சீமைக்கருவேலம்தான் நிறைந்திருக்கிறது.

ஒரு ஊராட்சியால் தனித்துத் தீர்க்க முடியாத, சென்னையிலிருந்து கண்ணுக்கே தெரியாத இந்த இடைப்பட்ட சிக்கலுக்காகவே அரசியலமைப்பில் ஓர் ஏற்பாடு உண்டு. ஊராட்சிகள் தொடர்பான 73 ஆவது திருத்தத்தைப் பலரும் அறிவார்கள். அதனுடன் சேர்ந்து வந்த 74 ஆவது திருத்தத்தில் மாவட்டத் திட்டக் குழு பற்றிய 243-இசட்டி என்ற பிரிவு இருக்கிறது. ஊராட்சிகளும் நகராட்சிகளும் தயாரித்த திட்டங்களைத் தொகுத்து மாவட்டத்துக்கு ஒரே வரைவுத் திட்டம் உருவாக்குவது அந்தக் குழுவின் கடமை. அப்படி உருவாக்கும்போது கருத்தில் கொள்ள வேண்டியவற்றில், தண்ணீரையும் பிற இயற்கை வளங்களையும் பகிர்ந்துகொள்வது என்பதைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள். குழு உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிப் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். எங்கள் வரத்துக்கால் போய்ச் சேர வேண்டிய சரியான மேசை இதுதான்.

அந்த மேசையைச் சுற்றி உட்கார ஆட்கள் வேண்டும். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்த பின், 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். மீதமிருந்த மாவட்டங்களில் 2021 அக்டோபரில். முன்னர் தேர்தல் நடந்த மாவட்டங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அவர்களில் நேர்மையாக உழைப்பவர்கள் உண்டு, எங்கள் பற்றாளரும் அப்படிப்பட்டவரே. ஆனால் ஓர் அலுவலர், பல ஊராட்சிகளைப் பார்த்துக்கொண்டு, அடுத்த மாறுதல் வரைக்கும் இருப்பவர். பக்கத்து ஊராட்சித் தலைவரிடம் போய், உங்கள் எல்லையில் இருக்கும் காலை நாங்கள் வெட்டிக்கொள்கிறோம், பதிலுக்கு உங்கள் ஊர்ச் சாலைக்கு நாங்கள் கைகொடுக்கிறோம் என்று பேசி முடிக்கும் உரிமையோ உறவோ அவருக்கு இருக்க முடியாது. ஊர்த் திட்டமிடல் பெரும்பாலும் இப்படிப்பட்ட பேச்சுகளால்தான் நடக்கிறது.

இன்னொரு முயற்சியையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், கட்சி வேறுபாடின்றி எல்லாச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தத்தம் தொகுதியில் நெடுநாள் நிறைவேறாத 10 முக்கியக் கோரிக்கைகளை வரிசைப்படுத்தி மாவட்ட ஆட்சியரிடம் தருமாறு கேட்டார். முன்னுரிமை வரிசையைக் கீழேயிருந்து கேட்டு வாங்க வேண்டும் என்ற எண்ணமே மதிக்கத்தக்கது. எதிர்க்கட்சி உறுப்பினரிடமும் கேட்டது அதைவிட மதிக்கத்தக்கது. ஆயினும் 234 பேர் தலைக்குப் பத்தாக எழுதினால் 2,340 கோரிக்கைகள். ஒரு தொகுதியில் நூற்றுக்கணக்கான குக்கிராமங்கள் இருக்கும்போது, அந்தப் பத்துக்குள் பாலமும் கல்லூரியும் பேருந்து நிலையமும் வரும். மூன்று கிலோமீட்டர் வரத்துக்கால் வராது. வராததில் தவறும் இல்லை, அது அந்த மட்டத்துக்குரிய தேவை அல்ல.

என் மகள் பாலக்காடு மாவட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் சில மாதங்கள் அங்கே தங்கியிருந்தேன். ஓய்வுபெற்ற புள்ளியியல்காரனுக்குப் பொழுதுபோக்கு வேறென்ன இருக்க முடியும். அங்கிருந்த ஊராட்சியின் திட்ட ஆவணத்தை வாங்கி, தெரிந்த அளவு மலையாளத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தேன், வார்டு அளவில் நடக்கும் கிராம சபைக்கும் போய் உட்கார்ந்தேன். கேரளத்தில் 1996 ஆகஸ்டு 17 அன்று மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. அதன் வழிகாட்டும் குழுவுக்கு முன்னாள் முதலமைச்சர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமை தாங்கினார். முதலில் திட்டம் எழுதுங்கள், பிறகு பணம் தருகிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. 9 ஆவது ஐந்தாண்டுத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று முதலிலேயே அறிவித்தார்கள். அதன் பிறகுதான் கிராம சபைகளைக் கூட்டினார்கள். ஒவ்வொரு ஊராட்சிக்கும் எவ்வளவு என்பது மாநில பட்ஜெட்டின் 4 ஆவது பின்னிணைப்பில் பெயர் பெயராக அச்சாகிறது. இந்தப் பின்னிணைப்பைப் புரட்டிப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் போகவில்லை. அடுத்த ஆண்டு கைக்கு வரும் தொகை தெரிந்தவர்கள் கூடிப் பேசும்போது பேச்சின் தன்மையே மாறிவிடுகிறது. சாலையும் வேண்டும், தொட்டியும் வேண்டும், கூடமும் வேண்டும் என்று கேட்பதை விட்டு, இருக்கும் பணத்தில் இந்த ஆண்டு எது, அடுத்த ஆண்டு எது என்று தங்களுக்குள் வாதாடத் தொடங்குகிறார்கள். திட்டமிடல் என்ற சொல்லுக்கு நான் அறிந்த பொருள் அதுதான். தொகை தெரியாத கூட்டத்தில் எழுதப்படுவது மனு மட்டுமே.

கேரளத்தின் ஏற்பாட்டிலும் குறைகள் உண்டு. பணத்தை வார்டு வார்டாகப் பிய்த்துக் கொடுத்ததால் சிறு வேலைகள் பெருகின, செலவு முழுவதும் மார்ச் மாதத்தில் வந்து குவிந்தது, தொடக்க ஆண்டுகளில் நிரம்பி வழிந்த கிராம சபைகளில் பிற்பாடு கூட்டம் குறைந்தது. அதை அப்படியே இங்கே பெயர்த்து வைக்கவும் முடியாது. அங்கே ஒரு கிராம ஊராட்சியில் சராசரியாக 25,000 பேருக்கு மேல் வசிக்கிறார்கள். நம் ஊராட்சியின் சராசரி 2011 கணக்குப்படி ஏறக்குறைய 3,000 பேர். அங்கே பொறியாளரும் வேளாண் அலுவலரும் ஊராட்சியோடு சேர்ந்து வேலை செய்ய முடிகிறது. இங்கே ஒரு செயலர், ஒரு டேங்க் ஆபரேட்டர், சில தூய்மைக் காவலர்கள். வரைபடம் போடவும் மதிப்பீடு தயாரிக்கவும் ஒன்றிய அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். எனவே, நம் மாநிலத்தில் கண்மாய் போன்ற வேலைகளுக்கு ஊராட்சியை விட 388 ஊராட்சி ஒன்றியங்களே பொருத்தமான மட்டம் என்பது என் கருத்து. ஒரே கண்மாய்ச் சங்கிலியில் இருக்கும் ஊராட்சிகள் சேர்ந்து அங்கே ஒரு திட்டம் கொடுக்கவும், அதற்கென ஒரு தொகை ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவிக்கப்படவும் வழி செய்தால் போதும்.

இப்போது எங்கள் ஊராட்சியின் கையில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது? மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் மாநில நிதிக்குழுப் பங்காக உள்ளாட்சிகளுக்கு வருகிறது. அதில் எங்களுக்குக் கிடைப்பது மோட்டார்களுக்கும் தெருவிளக்குகளுக்கும் மின்கட்டணம், பணியாளர் ஊதியம், குழாய்ப் பழுது என்று பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. மத்திய அரசின் 15 ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் தூய்மைக்கும் என்று கட்டப்பட்டது. கட்டில்லாமல் மிஞ்சும் 40 சதவீதம் எங்களைப் போன்ற ஊராட்சிக்குச் சில லட்சங்கள். 2015 முதல் ஒவ்வொரு ஊராட்சியும் தன் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரித்து இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்ற விதி இருக்கிறது, ஏற்றவும் செய்கிறார்கள். எங்கள் ஊராட்சியின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வரத்துக்கால் அதில் இல்லை. 5 முறை தீர்மானம் பதிவேட்டில் இருக்கிறது, திட்டத்தில் இல்லை. தொகை வரும் தலைப்புகளைப் பார்த்து அதற்கேற்ப வேலைகளை எழுதினால் வேறு என்ன விளையும்?

கீழிருந்து வரும் பட்டியல் தானாகவே நீதியான பட்டியலாக இருக்கும் என்று நம்பும் அளவுக்கு நான் வெளியூர்க்காரன் அல்ல. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில், தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தால் 1996 முதல் 10 ஆண்டுகள் தேர்தலே முறையாக நடக்க முடியாமல் போனது. 2006 அக்டோபரில்தான் நடந்தது. எங்கள் கிராம சபையிலும் யார் நாற்காலியில் உட்காருகிறார்கள், யார் மரத்துக்கு அப்பால் நின்று கேட்கிறார்கள் என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கிழக்குக் குடியிருப்புக்கு மயானப் பாதை கிடைத்தது எங்கள் ஊரின் பெருந்தன்மையால் அல்ல; குக்கிராமத்தை அலகாக வைக்க வேண்டும் என்று மாநில அரசு போட்ட விதியால். ஆகவே மேலிருந்து வரும் விதியும் கீழிருந்து வரும் பட்டியலும் ஒன்றையொன்று கண்காணிக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். எந்தக் குடியிருப்பும் விடுபடக் கூடாது என்ற விதியை மாநிலம் எழுதட்டும். அந்த விதிக்குள் எது முதலில் என்பதை ஊர் எழுதட்டும். ஊர் எழுதியதை ஏற்க முடியாவிட்டால், ஏன் முடியாது என்று ஒரு வரி எழுத்துப்பூர்வமாகப் பதில் வரட்டும். 5 தீர்மானங்களுக்கும் சேர்த்து எங்களுக்கு ஒரு பதில்கூட வந்ததில்லை. மறுப்பு வந்திருந்தால்கூட அடுத்த அலுவலகம் எது என்று தெரிந்துகொண்டிருப்போம்.

என் பழைய தொழில் சார்ந்த கவலை ஒன்றும் உண்டு. மக்கள்தொகையை வைத்துப் பங்கிடும்போது இன்னும் 2011 கணக்கெடுப்பையே நம்பியிருக்கிறோம். 2021 இல் எடுக்க வேண்டியது எடுக்கப்படவில்லை. அந்தக் கணக்கில் எங்கள் மேற்குக் குடியிருப்பில் 40 வீடுகள். இன்று நான் எண்ணினால் 71.

அதனால் கடந்த இரண்டு மாதங்களாக எண்ணும் வேலையை நானே செய்துகொண்டிருக்கிறேன். வரத்துக்காலை மேல் கண்மாயின் கலுங்கிலிருந்து எங்கள் கண்மாய் வரை மூன்று இளைஞர்களுடன் நடந்து அளந்தேன். 3 கிலோமீட்டரும் 200 மீட்டரும் இருக்கிறது. ஏழு இடங்களில் வயல் வரப்பு உள்ளே நுழைந்திருக்கிறது, இரண்டு சிறுபாலங்களின் கண்கள் மண்ணில் முழுவதுமாக மூடியிருக்கின்றன. கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தின் நகல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பக்கத்து ஊராட்சியின் முன்னாள் தலைவரைப் பார்த்தபோது, அவர் தன் ஊரின் தேவையையும் சொன்னார்: அவர்கள் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கு வரும் பாதையில் மழைக்காலத்தில் ஒரு தரைப்பாலம் மூழ்கிவிடுகிறது. அது இருப்பது எங்கள் எல்லையில். இத்தனை ஆண்டுகளில் எங்கள் கிராம சபையில் யாரும் அதைப் பேசியதில்லை. ஆகஸ்டு 15 அன்று இரண்டு ஊராட்சிகளிலும் இரண்டு தேவைகளையும் ஒரே வாசகத்தில் தீர்மானமாகக் கொண்டுவருவது என்று பேசியிருக்கிறோம். அளவுகளும் வரைபடமும் இணைப்பாக இருக்கும். அந்த வாசகத்தை இன்று காலைதான் எழுதி முடித்தேன், அதில் தரைப்பாலத்தை முதலில் வைத்திருக்கிறேன்.